ஏரி, அருவி, படிவயல்: ஒரு நாள் பயணத் திட்டமும் ஒரு கடைமடைக் கேள்வியும்

(இளங்கலை புவியியல், மூன்றாம் ஆண்டு மாணவன் எழுதியது)

நம் துறையில் மூன்றாம் ஆண்டு மாணவர்க்கு நிலவரைபடம் படித்தல் என்னும் செய்முறைப் பாடம் உண்டு. சமஉயரக் கோடுகளைக் கண்டு மலை எது, பள்ளத்தாக்கு எது என்று கூறுவதும், அளவுகோலைக் கொண்டு தூரம் காண்பதும், குறுக்குவெட்டு வரைவதும் அதில் அடங்கும். நானும் இவற்றையெல்லாம் செய்து, செய்முறை ஏட்டில் கையொப்பமும் வாங்கிவிட்டேன். எனினும் அப்பாடம் எனக்கு மெய்யாகவே விளங்கியது, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அண்ணனுக்கு ஒரு நாள் பயணத்திற்குத் திட்டம் போட்டுக் கொடுத்தபோதுதான்.

அண்ணனும் அண்ணியும் மே மாதத்தில் நான்கு நாள் விடுமுறையில் இந்தோனேசியாவைச் சேர்ந்த பாலித் தீவுக்குச் செல்வதாக இருந்தனர். "தம்பி, நீ பூகோளம் படிக்கிறவன்தானே? கடற்கரை நாங்களே பார்த்துக்கிறோம். மலைப்பக்கம் ஏரி, அருவி, அப்புறம் அந்தப் படிக்கட்டு வயல், மூணையும் ஒரே நாள்ல பார்க்கிற மாதிரி ஒரு திட்டம் போட்டுக் குடு" என்று தொலைபேசியில் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே இரவில் இரண்டு பக்கத்தில் திட்டம் எழுதி, மறுநாள் பேராசிரியரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் ஐந்து நிமிடம் படித்தார். சிவப்பு மையால் நான்கு இடங்களில் கோடிட்டார். அந்த நான்கு கோடுகளே இக்கட்டுரையின் முதற்பகுதி.

பாலி சிறிய தீவு. பரப்பு ஏறத்தாழ 5,700 சதுர கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே எட்டுப் பாகையில் கிடக்கிறது. மேற்கிலிருந்து கிழக்காக ஓர் எரிமலைத் தொடர் தீவின் நடுவே ஓடுகிறது. தலைநகரான தென்பசார் தெற்குச் சமவெளியில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில் பெடுகுல் என்னும் மலைப்பகுதி. பழைய எரிமலை ஒன்றின் உச்சி உட்கார்ந்து போனதால் உண்டான பெரும் பள்ளம் அது. நீளம் 11 கிலோமீட்டர், அகலம் 6 கிலோமீட்டர். அந்தப் பள்ளத்துக்குள்ளே பிராத்தான், புயான், தம்பிளிங்கான் என்று மூன்று ஏரிகள். கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் மேலே அவை இருக்கின்றன. புயானும் தம்பிளிங்கானும் முன்பு ஒரே ஏரியாக இருந்தவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விழுந்த நிலச்சரிவு ஒன்று அதை இரண்டாக்கிற்று என்பர். பள்ளத்தின் வடக்கு விளிம்பைக் கடந்தால் முண்டுக், கிட்கிட் முதலிய ஊர்களின் அருவிகள். தென்மேற்கே பத்துக்காரு மலையின் (2,276 மீட்டர்) சரிவில், சுமார் 700 மீட்டர் உயரத்தில், ஜாத்திலுவி என்னும் ஊரின் படிவயல்கள். 2012இல் யுனெஸ்கோ நிறுவனம் பாலியின் பாசன நிலங்கள் சிலவற்றை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது ஜாத்திலுவியும் அதில் இடம் பெற்றது.

எனது முதல் திட்டம் இதுதான்: காலை எட்டு மணிக்குத் தென்பசாரில் புறப்பாடு, வழியில் முதலாவதாக ஜாத்திலுவி, பகலுணவு, பிற்பகல் ஏரி, மாலையில் அருவி, இரவு ஊர் திரும்பல். வரைபடத்தில் கீழிருந்து மேலாகப் போகிறது. பார்க்கவும் ஒழுங்காக இருந்தது.

முதல் சிவப்புக் கோடு 'பிற்பகல் ஏரி' என்ற இடத்தில் விழுந்தது. பேராசிரியர் கேட்டார்: "மலை மேல் பன்னிரண்டு மணிக்குப் பிறகு என்ன நடக்கும்?" வெயில் ஏற ஏறச் சரிவிலுள்ள ஈரக்காற்று சூடாகி மேலே ஏறும். ஏறும் காற்று குளிரும், குளிர்ந்தால் மேகம். கொடைக்கானலுக்குக் கல்விச் சுற்றுலா போனபோது பகல் ஒரு மணிக்குத் தூண்பாறையைத் தேடி வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு வந்த வகுப்பு நம்முடையதுதான். அப்படியிருந்தும் எழுதினேன். ஆகவே உயரமான இடத்தைக் காலையிலும், தாழ்வான இடத்தைப் பிற்பகலிலும் வைப்பதே முறை. ஏரி முதலில், 700 மீட்டரில் உள்ள படிவயல் கடைசியில். மற்றொரு நன்மையும் உண்டு. சாய்ந்த வெயிலில்தான் படிவயலின் வரப்புகள் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும்; உச்சி வெயிலில் எல்லாம் ஒரே பச்சைப் பரப்பாகிவிடும்.

இரண்டாவது கோடு தூரத்தைப் பற்றியது. பிராத்தான் ஏரியிலிருந்து ஜாத்திலுவிக்கு நேர்கோட்டில் அளந்தால் 11 கிலோமீட்டர். 'இருபது நிமிடம்' என்று எழுதியிருந்தேன். மலைச்சாலையில் யாரும் நேர்கோட்டில் போவதில்லை. நூலை வளைத்து வளைத்து வைத்துச் சாலையை அளந்தபோது தூரம் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. குறுகிய வளைவுச் சாலையில் மணிக்கு 25, 30 கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்கலாகாது. ஆக, இருபது நிமிடம் ஒரு மணி நேரமாகிவிடுகிறது. இந்த ஒரு பிழை நான்கு இடங்களில் வந்தால் பகல் முழுவதும் போயிற்று. இக்காலத்தில் கைப்பேசியே தூரத்தையும் நேரத்தையும் சொல்லிவிடுகிறதே என்று நண்பர்கள் கேட்கலாம். சொல்கிறது. ஆனால் பேராசிரியர், நூலால் அளந்து விடை எழுதிய பிறகே கைப்பேசியைப் பார்க்கவேண்டும் என்று விதித்தார். என் விடைக்கும் கைப்பேசிக்கும் பத்து நிமிடமே வேறுபாடு. அது தந்த மகிழ்ச்சி தேர்வு மதிப்பெண் தந்ததில்லை.

மூன்றாவது, 'மாலையில் அருவி'. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் அந்திப்பொழுது நீளாது. மே மாதத்தில் பாலியில் ஆறு மணி கழிந்த சிறிது நேரத்தில் சூரியன் மறையும். அரை மணிக்குள் இருட்டும். அருவி பள்ளத்தில் இருப்பதால் அங்கு இன்னும் முன்னதாகவே இருள் கவியும். அன்றியும் முண்டுக் பகுதி அருவிகளுக்குச் சாலையிலிருந்து காலால் இறங்கவேண்டும். இறங்கப் பதினைந்து நிமிடமென்றால் ஏற அரை மணி என்று கணக்கிடுவதே பாதுகாப்பு. மேலே மழை பெய்தால் அருவி நீர் திடீரென்று பெருகும். தலைக்கு மேலே வானம் வெளுத்திருப்பதை மட்டும் நம்பி அருவித் தடாகத்தில் இறங்கலாகாது.

நான்காவது கோடுதான் எனக்கு மிகவும் வலித்தது. திட்டத்தின் முகப்பில் அழகாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: 'ஏரியில் பிறந்த நீர் அருவியாய்க் குதித்துப் படிவயலில் தவழ்கிறது.' அதன் குறுக்கே ஒரு நீண்ட கோடு. ஓரத்தில், "நீர்ப்பிரிமேடு எங்கே?" என்று இரண்டே சொற்கள்.

வரைபடத்தை மறுபடி விரித்தேன். ஏரிப்பள்ளத்தின் வடக்கு விளிம்புதான் நீர்ப்பிரிமேடு. அதற்கு அப்பால் முண்டுக்கில் விழும் நீர் வடகடலுக்குப் போகிறது. ஜாத்திலுவியோ தென்சரிவில் இருக்கிறது; பத்துக்காரு மலையின் ஊற்றுகளும் ஓடைகளும் அதற்கு நீர் தருகின்றன. அண்ணன் காலையில் நனையப் போகும் அருவி நீரில் ஒரு சொட்டும் அவர் மாலையில் பார்க்கப் போகும் வயலுக்கு வராது. அதோடு, அந்த மூன்று ஏரிகளுக்கும் வெளியே வழிந்தோடும் ஆறு எதுவும் கிடையாது. நாலாபுறமும் மேடு, கலுங்கும் இல்லை, மதகும் இல்லை. மழைநீர் எரிமலைச் சாம்பல் மண்ணுக்குள் கசிந்து இறங்கிக் கீழ்ச்சரிவுகளில் ஊற்றாக வெளிப்படுகிறது. ஏரி தெரிகிறது, ஊற்று தெரிகிறது. இரண்டையும் இணைக்கும் வழி கண்ணுக்குத் தெரிவதில்லை. இதனாலேயே பாலி மக்கள் ஏரியையே தெய்வமாகக் கொண்டனர் போலும். பிராத்தான் கரையில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த உலுன் டானு கோயில் ஏரித் தேவியான தேவி டானுவுக்கு உரியது. 'உலுன் டானு' என்றால் ஏரியின் தலை. நீரின் நடுவே நிற்பது போன்ற 11 அடுக்குக் கூரை கொண்ட அதன் கோபுரம், இந்தோனேசியா 2005இல் வெளியிட்ட 50,000 ரூபியா நோட்டின் பின்புறத்தில் அச்சாகியிருந்தது.

நிற்க. இவ்வாறு திருத்தித் திருத்தித் திட்டம் நல்ல உருவம் பெற்றுக்கொண்டிருந்தபோது ஒரு நாள் இரவு திண்ணையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தேன். அப்பா வயலிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். எங்கள் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடை. மேட்டூர் அணை திறந்த செய்தி பத்திரிகையில் வந்து பல நாள் கழித்துத்தான் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டும். சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. முறை வைத்து விடும்போது தலைமடையில் இரவோடிரவாக யாராவது அடைத்துக்கொண்டால், நாங்கள் விடியற்காலையில் மண்வெட்டியோடு போய் வெறும் சேற்றைப் பார்த்துவிட்டு வருவோம். அப்பா படிவயல் படத்தை வெகுநேரம் பார்த்தார். அழகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"ஏண்டா தம்பி, இது மலையில மேலேருந்து கீழே போற வயலுதானே? மேல இருக்கிறவன் தண்ணிய விடுறானா? கடைமடைக்காரனுக்கு வந்து சேருதா?"

எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் பேராசிரியரிடம் சென்று அப்படியே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "திட்டத்தில் இது இல்லையே, இதைத்தான் முதலில் எழுதியிருக்கவேண்டும்" என்று கூறி, சுபாக் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினார். அன்று தொடங்கி மூன்று வாரம் படித்ததன் சாரத்தை ஈண்டுத் தருகிறேன்.

சுபாக் என்பது பாலி உழவர்களின் பாசனச் சங்கம். ஒரே நீர்வாயிலிருந்து பாசனம் பெறுவோர் அனைவரும் அதில் உறுப்பினர். கி.பி. 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளிலேயே இதற்குச் சான்று உண்டு. இன்றும் தீவில் ஏறத்தாழ 1,200 சுபாக்குகள் இருப்பதாக யுனெஸ்கோ குறிப்பு கூறுகிறது. ஒரு சுபாக்கில் 50 முதல் 400 உழவர் வரை இருப்பர். தலைவருக்குப் பெக்காசே என்று பெயர். கூடிப் பேசி முடிவெடுப்பதும், எழுதி வைத்த சட்டப்படி தண்டம் விதிப்பதும் வழக்கம். கிராம எல்லை வேறு, சுபாக் எல்லை வேறு. நீர் எங்கு போகிறதோ அதுவே எல்லை.

பாலியின் ஆறுகள் மென்மையான எரிமலை மண்ணை ஆழமாக அறுத்துக்கொண்டு கிடுகிடு பள்ளத்தில் ஓடுகின்றன. வயலோ மேலே. ஆகவே பல கிலோமீட்டர் மேலே தடுப்பணை கட்டி, பாறையைக் குடைந்து சுரங்க வாய்க்கால் வெட்டி, நீரைச் சரிவில் நடத்திக்கொண்டு வருகின்றனர். அந்த நீர் பிரியும் இடத்தில் இருப்பதுதான் தெம்புக்கு. வாய்க்காலின் குறுக்கே போட்ட ஒரு மரக்கட்டை. அதில் வெட்டிய பள்ளங்கள். எல்லாப் பள்ளமும் ஒரே ஆழம். பங்குக்குத் தக்கபடி அகலம் மட்டும் வேறு. ஆறு பெருகினாலும் வற்றினாலும் எல்லாருக்கும் அதே விகிதத்தில் கூடும், குறையும். அதில் திருகும் ஷட்டர் இல்லை. ஆகவே இரவில் திருகிவிட்டுப் போகவும் இயலாது. (இப்போது பல இடங்களில் மரத்துக்குப் பதில் சிமெண்டு, முறை அதுவே.)

ஆயினும் அப்பாவின் கேள்விக்கு இது பாதி விடைதான். ஒரு சுபாக்குக்குள் கட்டை காவல் காக்கும். ஒரே ஆற்றில் மேலே ஒரு சுபாக், கீழே ஒரு சுபாக் என்று இருந்தால்? மேலே இருப்பவர் அணையை முழுதும் திருப்பிக்கொண்டால் கீழே இருப்பவர் என்ன செய்வார்? இங்குதான் பாடம் சுவையாகிறது.

அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் பாலியின் நீர்க்கோயில்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1991இல் ஒரு நூல் வெளியிட்டார். நெற்பயிரின் பகைவர்களான புகையானும் எலியும் பயிர் உள்ள இடம் நோக்கி நகர்பவை. ஒரு வயலில் அறுவடை முடிந்ததும் பக்கத்து வயலில் இளம்பயிர் இருந்தால் அங்கே தாவிவிடும். ஒரு பெரும்பரப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டு, ஒரே நேரத்தில் அறுத்து, ஒரே நேரத்தில் தரிசு போட்டால், அவற்றுக்கு உண்ண ஒன்றுமின்றித் தொகை குறையும். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் வேண்டும், ஆறு தாங்காது. ஒவ்வொருவரும் வெவ்வேறு நேரத்தில் நட்டால் தண்ணீர் தாராளம், பூச்சி பெருகிவிடும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பூச்சி. இரண்டுக்கும் நடுவே எத்தனை சுபாக்குகள் சேர்ந்து நடுவது, எவை பின்தங்கி நடுவது என்று முடிவு செய்யும் இடமே நீர்க்கோயில். பண்டிகை நாளைக் குறிப்பது போலவே நடவு நாளையும் அங்கே கூடிக் குறிக்கின்றனர்.

இப்போது தலைமடைக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவருக்குத் தண்ணீர்க் கவலை இல்லை. பூச்சிக் கவலை உண்டு. கீழே இருப்பவருக்குத் தண்ணீர் விடாவிட்டால் அவர் கிடைத்தபோது நடுவார். அவர் வயலில் பூச்சி வளரும். அது மேலே ஏறி வரும். கீழே இருப்பவர் தம்மோடு சேர்ந்து நடவேண்டுமானால் அவருக்குத் தண்ணீர் விட்டாக வேண்டும். கருணையால் மட்டும் அன்று, தன் பயிரைக் காக்கவும் விடுகிறார். லான்சிங் குழுவினர் 10 சுபாக்குகளில் 150 உழவர்களிடம், உமக்குப் பெரிய கவலை தண்ணீரா பூச்சியா என்று வினவினர். மேலே இருந்தவர்களில் பெரும்பாலோர் பூச்சி என்றனர். கீழே இருந்தவர்களில் பெரும்பாலோர் தண்ணீர் என்றனர்.

இது வெறும் கருத்தன்று என்பதற்கு 1970களின் நிகழ்ச்சியே சான்று. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல்லை வெளியிட்டது. அந்நெல்லைத் தஞ்சை மாவட்டத்துப் பெரியவர்களும் மறந்திருக்க மாட்டார்கள். இந்தோனேசிய அரசு பாலியில் புதுநெல்லைப் பரப்பியபோது, முடிந்தபோதெல்லாம் நடுக, விரைந்து நடுக என்று உழவரை ஊக்கியது. கோயில் குறித்த நாட்கள் கைவிடப்பட்டன. முதலில் விளைச்சல் கூடிற்று. பின்னர் தண்ணீர்த் தகராறும், புகையானும், துங்ரோ நோயும் வயல்களைப் பாழாக்கின. மருந்து தெளித்தார்கள், பூச்சியைத் தின்னும் சிலந்தி முதலியவையும் சேர்ந்து மாண்டன. 1986இல் இந்தோனேசிய அரசே 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது. லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் கணிப்பொறியில் ஆற்றையும் சுபாக்குகளையும் மாதிரியாக அமைத்துப் பார்த்தபோது, தனித்தனியே நடுவதும், அத்தனைபேரும் ஒன்றாக நடுவதும் தோற்று, நீர்க்கோயில்கள் வகுத்திருந்த அளவை ஒட்டிய கூட்டுமுறையே நல்ல விளைச்சல் தந்தது. புதுநெல்லை நான் குறைகூறவில்லை. பசித்த நாட்டுக்கு அது வேண்டியிருந்தது. நாட்குறிப்பைக் கேட்காமல் கைவிட்டதே பிழை.

இவ்வளவும் தெரிந்த பிறகு திட்டத்தை மீண்டும் எழுதினேன். இம்முறை மூன்று இடங்களுக்கும் சமமாக நேரம் பங்கிடவில்லை. படிவயலுக்கு இரண்டு மணி நேரம். மற்றவை சுருங்கட்டும் என்று வைத்தேன். காலை 5.30க்கு இருட்டோடு புறப்பாடு. 7.15க்குப் பிராத்தான் ஏரி. கோயிலுக்குச் செல்ல இடுப்பில் துணி சுற்ற வேண்டும். ஒரு வேட்டி எடுத்துச் செல்க. ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறரைப் பாகை செல்சியசு வெப்பம் குறையும் என்ற பாடப்படி, கீழே 28 என்றால் மேலே 20. அண்ணிக்குக் கம்பளிச் சட்டை. 8.30க்குச் சண்டிகுனிங் சந்தையில் சிற்றுண்டி. 9.15க்கு நீர்ப்பிரிமேட்டுச் சாலையில் நின்று இரட்டை ஏரிகளைப் பார்த்தல். அங்கே குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டம் வேண்டா. 10 முதல் 12 வரை முண்டுக் அருவி. பிறகு வந்த வழியே திரும்பல். மேற்கே புப்புவான் வழியாகச் சுற்றி வரலாமே என்று எனக்கும் ஆசைதான். வந்த வழியே திரும்புவது யாருக்கும் பிடிக்காது. ஆனால் அது நெடுந்தூரம். படிவயலின் நேரத்தைத் தின்றுவிடும். பகலுணவுக்குப் பின் 2.30க்கு ஜாத்திலுவி. 4.30க்குப் புறப்பட்டால் 6.30க்குள் தென்பசார்.

எந்த மாதம் என்பதும் திட்டத்தில் அடங்கும். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கு மழைக்காலம். ஜாத்திலுவியில் பழைய செந்நெல்லை ஜனவரி வாக்கில் நட்டு ஜூன், ஜூலையில் அறுப்பர். நம் சம்பாவைப் போல ஐந்தாறு மாதப் பயிர், உயரமானது. அடுத்த போகத்தில் குறுவை போன்ற குறுகிய காலப் பயிர். படத்தில் காணும் பச்சையை எல்லா மாதத்திலும் எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். அறுவடை முடிந்த தாளில் வாத்துக் கூட்டம் மேய்வதையும் பார்க்கலாம். நம் ஊர்க் காட்சியேதான். மார்ச் வாக்கில் வரும் நியெப்பி என்ற சக ஆண்டுப் பிறப்பன்று தீவு முழுவதும் மௌனம். வண்டி ஓடாது, விமான நிலையமும் மூடியிருக்கும். அந்நாளில் திட்டம் போட்டவன் கதி அதோகதி.

கடைசியாக ஒரு வரி. தாமதமானால் எதை விடுவது என்பதை வீட்டிலேயே எழுதி வை என்று பேராசிரியர் கூறியிருந்தார். மலையில் நின்றுகொண்டு கணவனும் மனைவியும் அதை முடிவு செய்ய முடியாதாம். 'ஒன்பது மணிக்கு முக்கால் மணி நேரம் பின்தங்கியிருந்தால் அருவியை விட்டுவிடுக' என்று எழுதினேன். அதற்கும் கீழே, 'அப்பா கேட்டது: தெம்புக்குவைத் தேடிப் பார்த்துப் படம் எடுக்க. கடைமடை உழவர் யாரேனும் இருந்தால் பேசுக' என்று சேர்த்தேன்.

திட்டம் திட்டப்படி நடக்கவில்லை. மலையேறும் வழியில் ஒரு கோயில் ஊர்வலம். சாலை நாற்பது நிமிடம் அடைபட்டது. அண்ணன் அருவியை விட்டாரா? விடவில்லை. "அவ்வளவு தூரம் போயிட்டு அருவியைப் பார்க்காம வரச் சொல்றியா?" என்று என்னையே கேட்டார். அண்ணிக்கு ஏறி வர முக்கால் மணி ஆயிற்றாம். பகலுணவைச் சந்தையில் வாங்கிய வாழைப்பழத்தோடு முடித்துக்கொண்டு ஜாத்திலுவி சேர்ந்தபோது மணி 3.40. என் இரண்டு மணி நேரம் ஒரு மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. ஏரியை மட்டும் குறித்த ஒளியில் பார்த்தார்கள். அவர்கள் திரும்பி வரும்போது அதே ஏரி மூடுபனிக்குள் மறைந்திருந்ததாம். என் சிவப்புக் கோடுகளில் ஒன்றாவது பயன்பட்டது.

சாலையோர உணவுக்கடைகளைத் தாண்டி வரப்பில் அரை கிலோமீட்டர் நடந்த பிறகே தெம்புக்கு கிடைத்தது. அங்கே ஒரு முதியவர் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டி வந்தவர் மொழிபெயர்க்க, அண்ணன் அப்பாவின் கேள்வியைக் கேட்டார். முதியவர் முதலில், உங்கள் அப்பாவுக்கு எத்தனை நிலம் என்று திருப்பிக் கேட்டாராம். ஒன்றரை ஏக்கர், கடைமடை என்றதும் தலையாட்டினாராம். தண்ணீர் வருகிறது, முறை தப்பினால் கூட்டத்தில் பேசுவோம் என்றாராம். பிறகு மேட்டுப் பக்கம் கையைக் காட்டி, இப்போது அங்கே வயல் விற்கிறார்கள், கட்டடம் வருகிறது. கட்டடக்காரன் நடவு நாளுக்குக் கூட்டத்துக்கு வருவானா என்று கேட்டிருக்கிறார். அண்ணனிடம் விடை இல்லை. புகழ்பெற்ற வயலைப் பார்க்கத்தான் அவரைப் போன்றோர் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் கட்டடம் எழுகிறது. அதை அண்ணனே தொலைபேசியில் சொன்னார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை.

படம் கைப்பேசியில் வந்தது. அப்பா அதை இரு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "பள்ளம் ஒரே ஆழம்டா. அகலந்தான் வேற" என்றார். நான் அதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. இதைப் பெரிதாகப் போட்டுத் தரும்படி கேட்டார். கடைத்தெருவில் ஸ்டுடியோவில் கொடுத்து அச்சிட்டு வந்தேன். அடுத்த வாய்க்கால் கூட்டத்துக்கு அதை மடிக்காமல் செய்தித்தாளில் சுற்றி எடுத்துச் சென்றார்.

இரவு திரும்பியதும் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். தலைமடைக்காரர் ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இடம் அழகா இருக்கே, எந்த ஊரு?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். படம் இப்போது எங்கள் வீட்டில் நெல் குதிருக்கு மேலே ஒட்டியிருக்கிறது. அடுத்த கூட்டம் மேட்டூர் திறப்பதற்கு முன்பு நடக்கும். அதற்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறார், புகையான் பகுதியை நான்தான் சொல்லவேண்டுமாம்.